பட்டியலில் ‘மற்றும்’

கடற்படைப் பயிற்சி பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால், கலந்துகொண்ட கப்பல்களின் பெயர்களை வரிசையாகப் போடுவார்கள். முதலில் நாசகாரிக் கப்பல், பிறகு அதைவிடச் சிறிய போர்க்கப்பல்களான ஃப்ரிகேட், கார்வெட். எல்லாம் முடிந்தபின் ‘மற்றும்’ என்று எழுதி, நடுக்கடலில் மற்றக் கப்பல்களுக்கு எண்ணெய் ஊற்றும் டேங்கர் ஒன்றை ஒட்டவைப்பார்கள். 2007இல் ஜப்பான், சீனா, ரஷ்யா பக்கமெல்லாம் போய்வந்த நம் கப்பல்கள்: மைசூர், ராணா, ரஞ்சித், குடார் மற்றும் ஜோதி. 2018இல் குவாம் தீவுக்கு அருகே நடந்த மலபார் பயிற்சி: சஹ்யாத்ரி, கமோர்ட்டா மற்றும் சக்தி. என் மனைவி இதைக் கவனித்துவிட்டு ஒருநாள், “உங்க ஆளு ‘மற்றும்’ல இருக்கு, பாருங்க” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டேங்கருக்குப் பெயரே ‘மற்றும்’தான்.

நான் கடற்படையில் பதினைந்து வருடம் இருந்தேன். ஒடிசாவில் சில்காவில் பயிற்சி முடித்து, சீமேன் பிரிவில் சேர்ந்தவன். முதல் மூன்று வருடம் ஒரு ஃப்ரிகேட்டில். பிறகு டேங்கருக்கு மாற்றல் வந்தது. “ரெஸ்ட் எடுக்கப் போறியா?” என்று மெஸ்ஸில் கிண்டலடித்தார்கள். எனக்கும் வருத்தம்தான். பீரங்கி இல்லாத கப்பலுக்குப் போவதை ஊரில் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன். எந்த டேங்கர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் முட்டாள்தனங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குக் கப்பலின் பெயர் எதற்கு?

பெயர் என்றதும் ஒன்று. நம் எண்ணெய்க் கப்பல்களுக்கு யாரோ ரசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தீபக், சக்தி, ஜோதி, ஆதித்யா. விளக்கு, ஆற்றல், சுடர், சூரியன். 1971 டிசம்பரில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கப் போன ஏவுகணைப் படகுகளோடு ஒரு சின்ன டேங்கரும் போனது. அதன் பெயர் போஷக். நம் ஊரில் ‘போஷாக்கு’ என்கிறோமே, அதே சொல்தான். அந்தப் படகுகள் சின்னவை, வேகமானவை, ஆனால் தூரம் தாங்காதவை. வழியில் கொஞ்ச தூரம் பெரிய கப்பல்கள் அவற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதாகப் படித்திருக்கிறேன். நிப்பாத், நிர்காத், வீர் என்ற அந்தப் படகுகளின் பெயர்களைக் கடற்படை நாள் பேச்சுகளில் வருடாவருடம் கேட்கலாம். போஷக்கை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய தீபக் ஜெர்மனியின் பிரேமர் வல்கன் தளத்தில் கட்டப்பட்டு 1967இல் சேர்ந்தது, 1996இல் ஓய்வு பெற்றது. அதே தளத்திலிருந்து 1976இல் வந்த பழைய சக்தி, 2007 வரை ஓடியது. தீபக் போன அதே 1996இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜோதி வந்தது. சுமார் 178 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு 35,000 டன்னுக்கு மேல். கொல்கத்தாவில் நாமே கட்டிய ஆதித்யா 1993இல் தண்ணீரில் இறங்கியது. பணியில் சேர்ந்தது 2000 ஏப்ரலில். நடுவே ஆறு வருடத்துக்கும் மேல். எங்கள் மெஸ்ஸில் எந்த வேலை இழுத்தடித்தாலும் ஆதித்யாவைச் சொல்லித்தான் கிண்டலடிப்பார்கள். புதிய தீபக்கும் புதிய சக்தியும் இத்தாலியின் ஃபின்கான்டியரி நிறுவனம் கட்டியவை. இரண்டும் 2011இல் சேர்ந்தன. 175 மீட்டர், 27,500 டன், வேகம் 20 நாட் (மணிக்கு 37 கிலோமீட்டர்), இரட்டைச் சுவர் உடல். கப்பல் போனாலும் பெயர் போகாது. நாலு வருடம், பதினைந்து வருடம் சும்மா கிடந்துவிட்டு அடுத்த கப்பலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நடுக்கடலில் கப்பலுக்கு எண்ணெய் ஊற்றுவது என்றால், இரண்டும் நின்றுகொண்டு குழாய் போட்டுக்கொள்ளும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். நிற்கக் கூடாது. நின்றால் அலை இஷ்டத்துக்குத் திருப்பிவிடும். இரண்டு கப்பல்களும் 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர், அருகருகே ஓட வேண்டும். நடுவில் 30 முதல் 50 மீட்டர்தான் இடைவெளி. எங்கள் பேச்சில் இதற்கு ‘ராஸ்’ என்று பெயர். “காலை ஆறு மணிக்கு ராஸ்” என்று ஒலிபெருக்கியில் பைப் (அறிவிப்பு) வந்தால் சமையற்கட்டிலிருந்து என்ஜின் அறைவரை எல்லோருக்கும் தூக்கம் போய்விடும்.

டேங்கர்தான் வழிகாட்டி. அது சொன்ன திசையில், சொன்ன வேகத்தில், சும்மா நேராகப் போக வேண்டும். எண்ணெய் வாங்கும் கப்பல் பின்னாலிருந்து வந்து, பக்கத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும். முதலில் துப்பாக்கியிலிருந்து மெல்லிய நூல் ஒன்று சீறிப் பாயும். அந்த நூலில் கட்டி ஒரு கயிறு, கயிற்றில் கட்டி வடம், வடத்தைப் பிடித்து இரும்புக் கம்பி வடம். கடைசியில் அந்தக் கம்பியில் தொங்கியபடி கறுப்பு எண்ணெய்க்குழாய் ஊர்ந்து போகும். குழாயின் முனை எதிர்க் கப்பலின் வாயில் ‘டக்’கென்று உட்கார்ந்ததும், அந்தப் பக்கத்திலிருந்து கையசைப்பார்கள். பிறகுதான் பம்ப்.

இரண்டு கப்பலுக்கும் நடுவே இன்னொரு கயிறு இருக்கும். இருபது அடிக்கு ஒன்றாக அதில் வண்ணக் கொடிகள். இடைவெளி எவ்வளவு என்பதை கப்பலை நடத்தும் மேடையான பிரிட்ஜிலிருந்து இதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ராத்திரியானால் கொடிக்குப் பதில் சின்ன விளக்குகள். எத்தனையோ கருவிகள் வந்தபிறகும் அந்தக் கயிறு அப்படியேதான் இருந்தது. பேசுவதற்கு ஒரு தொலைபேசி. அதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பேசுகிறவன் குரலின் விசையிலேயே ஓடும். நான் அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். அந்த முனையில் ஒருமுறை ஒரு குமரி மாவட்டத்துக்காரர் மாட்டினார். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஒழுங்கு மீறல்தான், ஆனாலும் “ஊரு எங்க?” என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சுக்கானில் நிற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா வள்ளத்தின் அமரத்தில், அதாவது பின்முனையில், உட்கார்ந்து தொழில் பார்த்தவர். அணியத்தை, அதாவது முன்முனையை, பார்க்காமல் காற்றின் சத்தத்தை வைத்தே திருப்புவார். அந்த ரத்தம்தானே என்ற திமிரில் ராஸின்போது முதல்முறை சுக்கானைப் பிடித்தேன். அரை டிகிரி விலகினாலே பின்னாலிருந்து உறுமல் வரும். இரண்டு பெரிய உடல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது நடுவில் தண்ணீர் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறையும், கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கும். அதே சமயம் அணியப் பக்கம் அழுத்தம் கூடி விலக்கித் தள்ளும். ஒரே கப்பலின் முன்பக்கம் “போ” என்கிறது, நடுப்பக்கம் “வா” என்கிறது. இதைச் சுக்கானில் பெரிதாகத் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் காரியம் கெட்டது. நான் கற்றுக்கொண்டது இதுதான்: பிசகு தெரிந்தவுடன் கொஞ்சமாகத் திருத்து, திருத்தியதும் பொறு, அது வேலை செய்கிறதா என்று பார், அப்புறம் அடுத்தது. பின்னாளில் லாரி ஓட்டக் கற்றபோது இது எவ்வளவு உதவியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இனி என் முட்டாள்தனம்.

டேங்கருக்குப் போய் இரண்டாவது மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். முழுச் சுமையோடு இருக்கும் டேங்கர் தண்ணீரில் ஆழமாக உட்கார்ந்திருக்கும். அலை தளத்தின்மேல் ஏறி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். வடத்தைச் சுருள் சுருளாக அடுக்கி வைக்கும் வேலை என்னுடையது. அடுக்கினேன். எதிர்க் கப்பலில் இருபது முப்பது பேர் சேர்ந்து அதை இழுக்கத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் கயிறு சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அலை வந்தது, நான் ஓரடி பின்வாங்கினேன். பின்வாங்கிய இடம் நானே அடுக்கிய சுருளின் நடு.

கயிறு கணுக்காலைச் சுற்றியது எனக்குத் தெரியவே இல்லை. தளம் முகத்துக்கு நேராக வந்ததுதான் தெரிந்தது. “அவாஸ்ட்! அவாஸ்ட்!” என்று ஒரு கத்தல். நிறுத்து என்பதற்குக் கப்பலில் அதுதான் சொல். விசில் சத்தம். எங்கள் மேல்நிலை மாலுமியான பெட்டி ஆபீசர் பாய்ந்து வந்து என் காலருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் கயிற்றின்மேல் விழுந்தார்கள். எதிர்க் கப்பலில் உடனே கையை நிறுத்தினார்கள். ஓர் ஆள் உயரம் இழுபட்டிருப்பேன். பூட்ஸின் லேஸ் அறுந்து, பூட்ஸ் மட்டும் கயிற்றோடு போய்க் கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்கியது. கால் வீங்கியதோடு சரி.

பெட்டி ஆபீசர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ராஸ் முடிந்து சாமானெல்லாம் ஏறக் கட்டியபின் என்னைக் கூப்பிட்டு, காலைத் தளத்தில் வைக்கச் சொன்னார். சாக்பீஸை எடுத்து என் இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்தார். “கயிறு ஓடும்போது உன் கால் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியணும். கண்ணு கயித்துல, நெனப்பு கால்ல” என்றார். தெலுங்கர்தான். ஆனால் சென்னையில் பல வருடம் இருந்தவர். அந்தத் தமிழில் சொன்னதாலோ என்னவோ, இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக மறக்கவில்லை.

அதற்குப்பின் சில விஷயங்களில் நான் விடாப்பிடி. மோதிரம், கைச்சங்கிலி போட்டுக்கொண்டு கயிற்றைத் தொட மாட்டேன். கத்தி இடுப்பில் இருக்க வேண்டும், அதுவும் நூலில் கட்டப்பட்டிருக்க வேண்டும். விறைப்பாக நிற்கும் கயிற்றுக்கு நேர் எதிரே ஒரு நொடிகூட நிற்பதில்லை, ஏனென்றால் அறுந்தால் அது வந்த வழியே திரும்பும். நைலான் கயிறு இன்னும் மோசம். நீண்டு நீண்டு கொடுத்துவிட்டு, சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே அடியில் திருப்பித் தரும். கடற்படையை விட்டபின் சில வருடம் வணிகக் கப்பல்களில் தள வேலை பார்த்தேன். அங்கே அபாய இடங்களில் மஞ்சள் வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். பையன்கள் மஞ்சளுக்கு ஓரங்குலம் வெளியே நின்றுகொண்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். கயிறு பெயின்ட்டைப் பார்த்தா வருகிறது?

இன்னொன்று, பிரிவதைப் பற்றி. ஒவ்வொரு ராஸுக்கும் முன்பு, எப்படிச் சேருவது என்பதைவிட எப்படி அவசரமாகப் பிரிவது என்பதைத்தான் அதிகம் பேசுவோம். யார் பம்பை நிறுத்துவது, யார் கொக்கியைத் தட்டுவது, கோடரி எங்கே இருக்கிறது. எனக்கு முதலில் இது அபசகுனமாகத்தான் பட்டது. ஒரு ராத்திரி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கப்பலின் சுக்கான் மக்கர் செய்தது. குறுகிய சங்கொலிகள் தொடர்ந்து கேட்டன. விளக்குக் கயிற்றில் ஒவ்வொரு விளக்காக எங்கள் பக்கம் நெருங்கி வந்ததைப் பார்த்தேன். யாரும் ஓடவில்லை. கத்தவும் இல்லை. பம்ப் நின்றது, குழாய் முனை கழன்றது, கம்பி தளர்ந்தது, கொக்கி திறந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும், அல்லது எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். எதிர்க் கப்பல் ஒரு பெரிய நிழலாக விலகிப் போனது. குழாயின் பாதி கடலில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அதை விடிய விடிய ஏற்றினோம். கல்யாண மண்டபமோ திருவிழாக் கடையோ, எந்த வேலையை ஏற்பாடு செய்தாலும் ‘திடீரென்று நிறுத்த வேண்டியிருந்தால் யார் எதைச் செய்வது’ என்று இப்போதும் முதலில் கேட்பேன். வீட்டில் சிரிப்பார்கள்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது படகு வைத்திருப்பவர்களுக்கு. கப்பல்படைக்கு வாங்கும் டீசல் பங்க்கில் போடும் டீசல் அல்ல. பங்க் டீசலின் ஆவி 35 டிகிரிக்குக் கீழே தீப்பற்றாமல் இருந்தால் போதும் என்பது விதி. என்ஜின் அறையின் சூட்டுக்கு அது சரிப்படாது. அதனால் 60 டிகிரிக்கு மேலே போனால்தான் தீப்பற்றும் வகையைப் பயன்படுத்துவார்கள். அது நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறையோ ரொம்ப சாதாரணம். கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. பளிச்சென்று தெளிவாக இருக்க வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் தண்ணீர். அளவு நாடாவின் நுனியில் ஒரு பசையைத் தடவித் தொட்டியின் அடிவரை இறக்குவோம். தண்ணீர் பட்ட இடத்தில் பசை நிறம் மாறும். ஊரில் பங்க்காரர்களும் இதே பசையைத்தான் வைத்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், காட்டுவார்கள். தண்ணீர் எப்போதும் அடியில் உட்காரும். எண்ணெய் ஊற்றிய கையோடு என்ஜினைத் தட்டாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். ஃபில்டருக்குக் கீழே இருக்கும் திருகைத் திறந்து முதலில் வருவதை வடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நடுக்கடலில் நின்றுபோன படகுகள் எங்கள் கரையிலேயே எத்தனையோ.

டேங்கரில் எண்ணெய் மட்டும் போகாது. நல்ல தண்ணீர், அரிசி, உருளைக்கிழங்கு, குண்டு, மருந்து, தபால். தபால் பை கம்பியில் தொங்கிக்கொண்டு போகும்போது எதிர்க் கப்பலில் எழும் கூச்சல் எண்ணெய்க்குக் கிடைத்ததே இல்லை. 2004 சுனாமியின்போது மாலத்தீவுக்கு மைசூர், உதயகிரி ஆகிய போர்க்கப்பல்களோடு ஆதித்யாவும் போனது. கிணறெல்லாம் உப்பாகிப்போன தீவுகளுக்கு எந்தக் கப்பல் வந்தால் கண் மலரும் என்று நீங்களே யோசியுங்கள். அந்த டிசம்பர் 26ஆம் தேதி எங்கள் வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. மூன்றாவது நாள் அக்கா எடுத்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

2006இல் இஸ்ரேல் லெபனானில் குண்டு போட்டபோது, மத்தியதரைக் கடலில் போய்வந்துகொண்டிருந்த நம் கப்பல்கள் பெய்ரூட்டுக்குத் திருப்பிவிடப்பட்டன. மும்பை, பேட்வா, பிரம்மபுத்ரா மற்றும் பழைய சக்தி. சுமார் 2,280 பேரை சைப்ரஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதில் இலங்கையர்களும் இருந்தார்கள். இந்தக் கப்பல்கள் வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்க முடிந்ததே கூடவே ஒரு டேங்கர் போனதால்தான். பிறகு ஆட்களை ஏற்ற வேண்டியபோது அந்த டேங்கரும் கைகொடுத்தது. அப்போது அதற்கு முப்பது வயது. அடுத்த வருடமே ஓய்வு.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2013இல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா ரஷ்யாவிலிருந்து புறப்பட்டபோது அதைக் கூட்டிக்கொண்டு வந்தவற்றில் புதிய தீபக்கும் ஒன்று. 2020 செப்டம்பரில் வடக்கு அரபிக்கடலில் நம் தல்வார் அமெரிக்காவின் யூகான் என்ற டேங்கரிடம் எண்ணெய் வாங்கியது. படத்தைப் பார்த்ததும் நான் முதலில் தேடியது வண்ணக் கொடிக் கயிற்றைத்தான். 44,000 டன்னில் ஐந்து புதிய கப்பல்களுக்கு 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்து ஹிந்துஸ்தான் ஷிப்யார்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் இரண்டு நம் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி தளத்தில் உருவாகின்றன. அந்தப் பக்கம் போகும் பேருந்தில் ஏறி ஒருநாள் போய்ப் பார்த்தேன். மதிலும் கிரேனின் தலையும்தான் தெரிந்தன. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். கடற்படையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

“மாமா, டேங்கர்ல போட்டுட்டாங்க.” குரலில் சுரத்தே இல்லை.

“எப்ப ஜாயின் பண்ணணும்?”

“இன்னும் பத்து நாள். ஊருக்கு வந்துட்டுத்தான் போவேன்.”

வந்தான். என் பழைய கத்தியைத் தேடி எடுத்து, எண்ணெய் போட்டு, புது நூல் கட்டிக் கொடுத்தேன். நிச்சயதார்த்த மோதிரம் விரலில் மின்னியது. கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “கல்யாணம்கூட ஆகலை, அதுக்குள்ள மோதிரத்தக் கழட்டச் சொல்றான் பாரு” என்று உள்ளே போய் முணுமுணுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே முற்றத்தில் நின்றான். நான் சாக்பீஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.